ஸர் எட்வர்டு கோக்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் கோர்ட்டு வாசலை மிதியாத குடும்பம் அரிதேயாம். வரப்புத் தகராறோ, பாகப்பிரிவினையோ, கடன் பத்திரமோ, ஏதேனும் ஒன்றன்பொருட்டு முன்சீப்பு கோர்ட்டில் பிராது கொடுத்து, அங்கே தோற்றவர் சப்கோர்ட்டுக்கோ ஜில்லாக் கோர்ட்டுக்கோ அப்பீல் செய்து, அதன்பின் ஹைகோர்ட்டுக்கும் சென்று, சிலர் தில்லியிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு வரையிலும் ஏறிக் கைப்பொருளிழந்து மீண்டிருக்கின்றனர். இங்ஙனம் படியேறுகிறவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. கீழ்க்கோர்ட்டுக்கு மேல் மேல்கோர்ட்டு இருக்கிறது. எல்லாவற்றினும் மேலான கோர்ட்டுக்கு மேல் இருப்பது யாது? சட்டம் செய்யும் சபையா, ராஜாங்கத்தை நடத்துவோரா, அன்றி ஒருவருமே இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை காணப் புகுந்து தம் உத்தியோகத்தை இழந்து சிறையும் கண்ட ஒருவர் நானூறு ஆண்டுகட்கு முன் இங்கிலாந்தில் இருந்தார். அவரே ஸர் எட்வர்டு கோக். பெயரைக் கோக் என்று எழுதினும் அந்நாட்டார் குக் என்றே உச்சரிப்பர். 1801ஆம் ஆண்டில் சென்னையில் ஏற்பட்ட பழைய சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகளுக்கு, அவர் ஒருகாலத்துத் தலைமை வகித்த லண்டன் கிங்ஸ் பெஞ்சு நீதிபதிகளின் அதிகாரமே சாஸனத்தால் வழங்கப்பட்டது. அந்தக் கோர்ட்டின் இடத்தில் 1862ஆம் ஆண்டில் வந்ததே நம் ஹைகோர்ட்டு. ஆதலின் அவர் சரித்திரம் நமக்கு முற்றும் அந்நியமன்று.

கோக் 1552ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நார்போக்கு மாகாணத்தில் மைல்ஹம் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் ராபர்ட்டு கோக்கும் வக்கீலே. அவர் மகனுக்கு ஒன்பது வயதாகும்போதே காலமானார். நார்விச்சு நகரத்துப் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்ற எட்வர்டு, பட்டம் பெறாமலே லண்டனுக்குச் சென்று, 1572ஆம் ஆண்டில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார். 1578ஆம் ஆண்டில் வக்கீலானார். பழைய தீர்ப்புக்களையெல்லாம் கண்டெடுத்துக் கையால் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் இளமையிலேயே அவர்க்கு அமைந்தது. அக்குறிப்புக்களே பின்னர் 1600 முதல் 1615 வரை பதினொரு பாகங்களாக அச்சேறி, இங்கிலாந்து வக்கீல்களுக்கு மூலநூலாயின.

அக்காலத்து அந்நாட்டுக் கோர்ட்டுக்களின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இன்றேல் மேலே வரும் சண்டைகள் விளங்கா. வெஸ்ட்மின்ஸ்டர் என்னுமிடத்தில் ஒரே பெருமண்டபத்தில் பல கோர்ட்டுக்கள் அருகருகே நடந்து வந்தன. குடிகளுக்குள் நிலம், கடன் பற்றிய வழக்குக்களை விசாரிப்பது காமன் பிளீஸ் கோர்ட்டு. அரசரைச் சார்ந்த குற்ற வழக்குக்களை விசாரிப்பதும், மற்றைக் கோர்ட்டுக்களின் பிழையைத் திருத்துவதும் கிங்ஸ் பெஞ்சு கோர்ட்டு. அரசிறையைப் பற்றியது எக்ஸ்செக்கர். இம்மூன்றிலும் நந்நான்காகப் பன்னிரண்டு நீதிபதிகள் இருந்தனர். இவையன்றிச் சட்டத்தின் கடுமையால் நேரும் அநீதியை மனச்சான்றைக் கொண்டு நீக்குவதற்குச் சான்சரி என்னும் கோர்ட்டும், மத விஷயங்களை விசாரிக்க ஹை கமிஷன் என்னும் மன்றமும் இருந்தன. எதன் எல்லை எங்கே முடிகிறதென்பது திட்டமாயில்லை. வழக்கு மிகுந்தால் கோர்ட்டாருக்குக் கட்டண வருவாயும் மிகும். ஆகவே எல்லைச் சண்டை ஓய்ந்த நாளில்லை. நம்மூர் வாய்க்கால் பங்கீட்டைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

கோக்கின் முதல் மனைவி பிரிட்ஜெட்டு பாஸ்டன் என்பார். 1582ஆம் ஆண்டில் பெருஞ்சீதனத்தோடு வந்த அவ்வம்மையார் 1598ஆம் ஆண்டில் இறந்தார். அவ்வாண்டு கழியுமுன்னரே எலிஸபெத்து ஹாட்டன் என்னும் செல்வ விதவையைக் கோக் மறுமணம் புரிந்தார். பிரான்ஸிஸ் பேக்கன் என்னும் பேரறிஞரும் அப்பெண்மணியை விரும்பியிருந்தார். இவ்விருவர்க்கும் உத்தியோகத்தில் முன்னரே இருந்த பகை இதனாற் பின்னும் முற்றியது. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. இத்திருமணம் முறைப்படி முன்னறிவிப்பின்றி ஒரு வீட்டில் நடந்துவிட்டமையால் மதக் கோர்ட்டில் வழக்கு வந்தது. அரசியாரின் தலைமை வக்கீலாகிய கோக், தமக்குச் சட்டம் தெரியாதென்று சொல்லித் தப்பினார்! எந்த முன்சீப்பும் நம்மிடம் ஏற்காத சமாதானம் அது.

1592ஆம் ஆண்டில் சாலிஸிட்டர் ஜெனரல், 1593ஆம் ஆண்டில் காமன்ஸ் சபையின் சபாநாயகர், 1594ஆம் ஆண்டில் பேக்கனை முந்திக்கொண்டு அட்டர்னி ஜெனரல் என இவர் விரைந்து உயர்ந்தார். இக்காலத்துக் கோக்கை யாம் புகழ மாட்டோம். 1603ஆம் ஆண்டில் ஸர் வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, பிரபு ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலமே முக்கிய சாட்சியம். அப்பிரபுவை நேரிற் கொண்டுவந்து நிறுத்துமாறு ராலி பலகாலும் வேண்டினார், கிடைக்கவில்லை. ராஜாங்கத் தரப்பில் வாதித்த கோக், ஆதாரத்திலிருந்த குறையை வசைமொழியால் நிரப்பினார். ராலிக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அன்று உடனே நிறைவேறாமல் பதினைந்து ஆண்டு கழித்து 1618ஆம் ஆண்டில் அந்தத் தண்டனைக்கே அவர் தலை வீழ்ந்தது. கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரிக்கும் அதிகாரப் பத்திரங்களிலும் கோக்கின் பெயர் இருக்கிறது. சித்திரவதைக்குச் சட்டத்தில் இடமேயில்லையென்று முதுமையில் நூலெழுதியவரும் அவரே. அதிகாரத்தின் நிழலில் நின்றபோது அவர்க்கு அதன் வெம்மை தெரியவில்லை போலும்.

1606ஆம் ஆண்டில் காமன் பிளீஸ் கோர்ட்டின் பிரதம நீதிபதியானார். ஆசனம் மாறியது, மனிதரும் மாறினார். அப்பொழுது அரசர் ஜேம்ஸ். ஸ்காட்லாந்திலிருந்து 1603ஆம் ஆண்டில் வந்து முடிசூடிய அவர், அரசர் தெய்வத்தின் பிரதிநிதி, நீதிபதிகள் அரசரின் பிரதிநிதிகள் என்னும் கொள்கையினர். ஹை கமிஷன் தன் எல்லையைக் கடந்து விசாரித்த வழக்குக்களைக் கோக்கின் கோர்ட்டு தடையுத்தரவிட்டு நிறுத்தி வந்தது. பெரிய பாதிரியார் அரசரிடம் முறையிட்டார். நீதிபதிகள் தம் பிரதிநிதிகளே யாதலின், வேண்டிய வழக்கைத் தாமே எடுத்து விசாரிக்கலாமென்பது அரசர் பக்கத்து வாதம்.

1607-8ஆம் ஆண்டுகளில் இது குறித்து நீதிபதிகள் அரசர்முன் அழைக்கப்பட்டனர். அரசர் தாமும் மற்றவரும் நீதிபதிகளைப் போலவே பகுத்தறிவுடையவர்தாமே என்று கேட்டார். அரசரின் பேரறிவைக் கோக் மறுக்கவில்லை. ஆனால் குடிகளின் உயிரும் நிலமும் பொருளும் பற்றிய வழக்குக்கள் இயற்கையறிவினால் தீர்க்கப்படுவன அல்லவென்றும், நெடுங்காலப் பயிற்சியால் வரும் சட்ட அறிவினாலே தீர்க்கப்படுவனவென்றும் விளக்கினார். அங்ஙனமாயின் தாம் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவரோ என்று அரசர் சினந்தார். எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவரல்லர், தெய்வத்துக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவரே என்று பழைய நூலொன்றின் ஆதாரங் காட்டிக் கோக் விடையளித்தார். இது கோக் தாமே எழுதிவைத்த வரலாறு. அக்காலத்தவர் ஒருவர் எழுதிய கடிதமோ, அரசர் முஷ்டியை ஓங்கியதும் கோக் தரையில் விழுந்து மன்னிப்பு வேண்டினாரென்கிறது. இரண்டும் உண்மையாயிருக்கலாம் என்பது எம் கருத்து. விழுந்து எழுந்த கோக், மறுபடியும் தடையுத்தரவுகளை விடுத்துக்கொண்டேயிருந்தார் என்பதைப் பார்க்கும்போது, அந்த விழுதல் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

1610ஆம் ஆண்டில் இரண்டு தீர்ப்புக்கள் எழுந்தன. லண்டனில் புதிய வீடு கட்டலாகாதென்றும், கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை செய்யலாகாதென்றும் அரசர் தாமாகவே பிரகடனம் செய்து மீறினவரைத் தண்டிக்க முற்பட்டார். பசையைப் பற்றிய அற்ப விஷயந்தானே என்று விட்டுவிடலாம். கோக்கும் உடனிருந்த நீதிபதிகளும் விடவில்லை. முன் குற்றமாயிராத ஒன்றை அரசர் தம் பிரகடனத்தினால் குற்றமாக்க முடியாது. சட்டத்தை மாற்றவல்லது பார்லிமெண்டேயன்றி அரசரல்லர் என்று கருத்துரைத்தனர். இக்காலத்தில் ராஜாங்க அதிகாரி ஒருவர் உத்தரவிட்டால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று நம் வக்கீல் கேட்கிறாரே, அந்தக் கேள்வியின் வேர்களுள் ஒன்று இங்கேயிருக்கிறது.

மற்றொன்று டாக்டர் பானம் என்பவர் வழக்கு. லண்டன் வைத்தியர் கழகத்தார், தம் அனுமதியின்றி வைத்தியம் செய்தாரென்று இவரை அபராதம் விதித்துச் சிறையிட்டனர். அபராதத்தில் பாதி கழகத்துக்கே சேரும். வாதியும் தானே, நீதிபதியும் தானே, அபராதம் பெறுவோனும் தானே என்றிருத்தல் முறையன்றென்றும், பார்லிமெண்டு செய்த சட்டமாயினும் பொது நியாயத்துக்கு முரணாயின் கோர்ட்டு அதைக் கட்டுப்படுத்தலாமென்றும் கோக் எழுதிவிட்டார். இக்கொள்கை இங்கிலாந்தில் நிலைக்கவில்லை. அங்கே பார்லிமெண்டின் சட்டத்தைச் செல்லாதென்று கோர்ட்டு இன்றும் தள்ளுவதில்லை. அமெரிக்காவில் 1803ஆம் ஆண்டு முதல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளி வருகிறது. நம் தேசத்தில் 1950ஆம் ஆண்டு அமலுக்கு வந்த அரசியல் சட்டமே, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாதென்று எழுதி வைத்து, கோர்ட்டுக்கு அவ்வதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஆகவே நாம் முதலிற் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு நாட்டிலும் விடை ஒன்றல்ல.

1613ஆம் ஆண்டில் கோக் கிங்ஸ் பெஞ்சுக்கு மாற்றப்பட்டார். மேலான பதவி, குறைந்த வருவாய். யோசனை சொன்னவர் பேக்கன். அங்கும் அவர் அடங்கவில்லை. சான்சரி கோர்ட்டு தம் கோர்ட்டின் தீர்ப்பு முடிந்தபின்னும் தலையிடலாகாதென்று பெருஞ்சண்டை செய்து, 1616ஆம் ஆண்டில் அரசர் சான்சரி பக்கமே தீர்ப்புச் சொல்ல, தோற்றார். இதில் நியாயம் முழுவதும் கோக் பக்கமிருந்ததாக யாம் கூறோம். இரு முறைகளும் முரண்பட்டால் சான்சரியின் முறையே மேற்செல்லுமென்று 1873ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பார்லிமெண்டே சட்டம் செய்துவிட்டது.

அதே ஆண்டில் வந்தது அவரை வீழ்த்திய வழக்கு. பிஷப்பு ஒருவர்க்கு வேறொரு தேவாலயத்தின் வருவாயையும் சேர்த்து அனுபவிக்க அரசர் செய்த கொடை செல்லுமா என்பது விஷயம். அரசரிடம் கலந்து பேசுமட்டும் விசாரணையை நிறுத்திவைக்குமாறு பேக்கன் மூலம் கட்டளை வந்தது. பன்னிரு நீதிபதிகளும் அக்கட்டளை சட்டவிரோதமென்று கையொப்பமிட்டு மறுமொழி விடுத்தனர். ஜூன் மாதத்தில் அனைவரும் அரசர்முன் நிறுத்தப்பட்டனர். கடிதத்தை அரசர் கண்டித்ததும் அனைவரும் முழந்தாளிட்டு மன்னிப்பு வேண்டினர். இனிமேல் தம் உரிமை சம்பந்தமான வழக்கில் தாம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்று ஒவ்வொருவரையும் அரசர் கேட்டார். பதினொருவர் இசைந்தனர். கோக் ஒருவரே, அப்படியொரு வழக்கு வரும்போது நீதிபதிக்குத் தக்கதைச் செய்வேனென்று கூறி நின்றார். பதினொருவரையும் கோழைகளென்று நாம் இங்கிருந்து சொல்லிவிடலாம். அக்காலத்து நீதிபதி அரசர் விரும்பும்வரை மட்டுமே உத்தியோகத்திலிருக்கலாம். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு.

கோக்கை உத்தியோகத்திலிருந்து விலக்கிவைத்து, அவர் அச்சிட்ட தீர்ப்புத் தொகுதிகளிலுள்ள பிழைகளைத் திருத்துமாறு கட்டளை பிறந்தது. கோடைகாலமெல்லாம் பார்த்துச் சிறு பிழைகள் ஐந்து கண்டதாக அவர் தெரிவித்தார். நவம்பர் மாதத்தில் பதவி அடியோடு பறிக்கப்பட்டது. இங்கிலாந்தில் நீதிபதியை அரசர் தம் விருப்பம்போல் நீக்க முடியாதென்ற சட்டம் 1701ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்று நம் ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளை நீக்க வேண்டுமாயின் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் தனிப்பெரும்பான்மை வேண்டும்.

இனி வருவதைச் சொல்லாது விட்டுவிடலாமா என்று யாம் எண்ணியதுண்டு. பெண்மக்களைப் பெற்றோர் பலர் படிக்கும் பத்திரிகையாதலின் விடுதல் சரியன்று. இழந்த தயவை மீளப்பெறக் கோக் தம் இளைய மகள் பிரான்ஸஸைப் பணயம் வைத்தார். அரசரின் பேரன்புக்குரிய பக்கிங்ஹம் பிரபுவின் அண்ணனாகிய ஜான் வில்லியர்ஸுக்கு அவளை மணமுடிக்க உடன்பட்டார். அவளுக்கு அப்பொழுது ஏறத்தாழ 15 வயது. தாயார் இசையாமல் மகளை அழைத்துச்சென்று வேறொரு வீட்டில் ஒளித்துவைத்தார். அரசர்முன் சட்டத்தைப் பேசிய முன்னாள் பிரதம நீதிபதி, ஆயுதம் தாங்கிய ஆட்களோடு சென்று கதவை உடைத்து மகளைத் தூக்கிவந்தார். 1617ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹாம்ப்டன் அரண்மனையில் அரசர் முன்னிலையில் திருமணம் நடந்தது. கோக்குக்கு அரசரின் ஆலோசனைச் சபையில் இடம் மீண்டது. நீதிபதி ஆசனம் மீளவில்லை. மணமகன் சித்தம் பேதலித்தவரானார். பிரான்ஸஸ் சில ஆண்டில் அவரைவிட்டு நீங்கி, ஊரார் தூற்ற வேறொருவரோடு வாழ்ந்தாள். தன் தந்தை செய்ததற்குத் தண்டனை அவளுக்கே கிடைத்தது. எந்தக் கோர்ட்டிலும் இதற்கு அவர் பதில் சொல்ல நேரவில்லை.

1621ஆம் ஆண்டில், தம் 69ஆம் வயதில், கோக் காமன்ஸ் சபையில் அங்கத்தினராக அமர்ந்தார். நீதிபதி எத்துணை உறுதியுடையவராயினும் ஒரு கையெழுத்தினால் நீக்கப்படலாமென்பதை அவர் தம் உடம்பிலே அறிந்திருந்தார். சட்டமாக எழுதப்பட்டுவிட்டால் அதை அங்ஙனம் நீக்க முடியாது. சட்டம் எழுதும் முறை அன்றும் ஏறக்குறைய இன்று நம் தேசத்திலிருப்பது போன்றதே. மசோதா காமன்ஸ் சபையில் மூன்றுமுறை வாசிக்கப்பட்டு, பிரபுக்கள் சபையிலும் மூன்றுமுறை வாசிக்கப்பட்டு, அரசர் சம்மதித்தால் சட்டமாகும். இங்கே லோக சபை, ராஜ்ய சபை, ராஷ்டிரபதி என்று பெயர்தான் வேறு.

அவ்வாண்டில், அப்பொழுது சான்சரியின் தலைவராயிருந்த பேக்கன் கைக்கூலி பெற்றாரென்று பார்லிமெண்டு விசாரித்து வீழ்த்தியது. அம்முயற்சியில் கோக்குக்கும் பங்குண்டு. அதில் நீதியுமிருந்தது, பழைய பகையும் இருந்தது. ஆண்டிறுதியில், எதையும் பேசும் உரிமை தமக்குப் பிறப்புரிமையென்று காமன்ஸ் சபையார் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தனர். அரசர் அப்புத்தகத்தை வரவழைத்து அந்த ஏட்டைத் தம் கையாலே கிழித்தெறிந்தார். அதற்குச் சில நாள் முன்பே கோக் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார்; வீட்டுக் காகிதங்கள் சோதிக்கப்பட்டன. 1622ஆம் ஆண்டு ஆகஸ்டில் விடுதலையானார்.

1624ஆம் ஆண்டில் ஏகபோகங்களை ஒழிக்கும் சட்டம் நிறைவேறுவதில் அவர் முன்னின்றார். உப்பு, சீட்டுக்கட்டு முதலியவற்றை இன்னாரே விற்கலாமென்று அரசர் தமக்கு வேண்டியவர்க்குச் சாஸனம் கொடுக்கும் வழக்கம் அதனால் ஒடுக்கப்பட்டது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் 14 ஆண்டு உரிமை வைக்கப்பட்டது. இன்றைய பேட்டெண்டுச் சட்டங்களின் முன்னோடி இதுவே. அடுத்து வந்த சார்லஸ் மன்னர், கோக் சபைக்கு வருவதைத் தடுக்க ஓர் உபாயம் செய்தார். 1625ஆம் ஆண்டில் அவரைப் பக்கிங்ஹம்ஷயர் மாகாணத்து ஷெரிபாக நியமித்தார். ஷெரிபு தன் மாகாணத்தை விட்டு நீங்கலாகாது. ஒருகாலத்துப் பிரதம நீதிபதி, ஊருக்கு வரும் நீதிபதிகளை எதிர்கொண்டு உபசரித்து நின்றார்.

அரசர் பார்லிமெண்டின் சம்மதமின்றிக் கட்டாயக் கடன் தண்டினார். கொடாதவர் சிறையிடப்பட்டனர். 1627ஆம் ஆண்டில் அவருள் ஐவர் ஹேபியஸ் கார்ப்பஸ் மனுச் செய்தபோது, அரசரின் விசேஷக் கட்டளை என்பதன்றிக் காரணம் வேறு காட்டப்படவில்லை. கிங்ஸ் பெஞ்சு அவர்களை ஜாமீனில் விட மறுத்தது. கோக் ஏறியிருந்த அதே ஆசனம்! 1628ஆம் ஆண்டில் கூடிய பார்லிமெண்டில் 76 வயதுக் கிழவராகிய அவரே, விண்ணப்ப வடிவில் சட்டங்களை வலியுறுத்தலாமென்னும் யோசனையைக் கொண்டுவந்தார். பார்லிமெண்டின்றி வரியில்லை, காரணங் காட்டாமல் சிறையில்லை, குடிகள் வீட்டில் படைகளை இறக்கலாகாது, அமைதிக்காலத்தில் ராணுவச் சட்டமில்லை. இந்நான்குமே அவ்வுரிமை விண்ணப்பத்தின் சாரம். அரசரின் மேலதிகாரத்துக்குப் பங்கமின்றி என்றொரு தொடரைச் சேர்க்கப் பிரபுக்கள் விரும்பினர். அத்தொடர் புகுந்தால் மற்றதெல்லாம் வீணென்று கோக் தடுத்துவிட்டார். வழுக்கலான ஒரு வாசகத்தால் பத்திரம் முழுவதும் கெடுதலை நம்மவர் பலர் அனுபவத்தில் அறிவர்.

அரசர் முதலில் மழுப்பலாக மறுமொழி கூறினார். ஜூன் 5ஆம் நாள், அமைச்சரைக் குறை கூறலாகாதென்ற கட்டளையும் வந்தபோது, சபையார் பலர் பேச நாவெழாமல் அழுதனர், கோக்கும் அழுதார். பின்பு எழுந்து, இக்கேடுகளுக்கெல்லாம் காரணம் பக்கிங்ஹம் பிரபுவே என்று பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார். தம் மகளைக் கொடுத்துத் தயவு தேடிய அதே பிரபுவை! இரு நாட்களில் அரசர் முறைப்படி சம்மதம் தந்தார். ஆயினும் 1629 முதல் 1640 வரை பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆண்டார். எழுதிய சட்டம் அத்துணைக் காலமும் ஏட்டிலேயே கிடந்தது. நம் அரசியல் சட்டத்தில், சட்டத்தின் அதிகாரமின்றி வரி தண்டலாகாதென்று 265ஆம் பிரிவிலும், கைது செய்யப்பட்டவனுக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டுமென்று 22ஆம் பிரிவிலும் இருப்பதைப் பார்ப்போர்க்கு, அந்த விண்ணப்பம் வந்த தூரம் தெரியும்.

கோக் ஸ்டோக் போஜஸ் என்னும் ஊரில் தம் வீட்டில் ஒதுங்கினார். ஊரார் தூற்றிய மகள் பிரான்ஸஸே இறுதி ஆண்டுகளில் வந்து உடனிருந்தாள். 1634ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், 82 வயதில், அவர் உயிர் நீங்கியது. அவர் மரணப்படுக்கையிலிருக்கும்போதே அரசரின் ஆட்கள் வந்து கையெழுத்துப் பிரதிகளையும் மரணசாஸனத்தையுங்கூட வாரிச் சென்றனர். அவர் எழுதிய சட்ட நூலின் முதற் பாகம் மட்டுமே 1628ஆம் ஆண்டில் அச்சாகியிருந்தது. 1641ஆம் ஆண்டில் பார்லிமெண்டு அக்காகிதங்களை மீட்டு, எஞ்சிய மூன்று பாகங்களையும் 1642, 1644ஆம் ஆண்டுகளில் வெளிவரச் செய்தது. நான்காம் பாகம் அந்நாட்டுக் கோர்ட்டுக்கள் ஒவ்வொன்றின் எல்லையையும் வகுத்துக் கூறுவது. அதில் கிங்ஸ் பெஞ்சுக்கும், சான்சரிக்கும், தாம் முதலில் அமர்ந்த காமன் பிளீஸுக்கும் முன்னதாக, எல்லாவற்றினும் உயர்ந்த கோர்ட்டாக முதல் அத்தியாயத்தில் அவர் வைத்தது பார்லிமெண்டை.